குழந்தை உள்ளமும் குடும்ப வாசிப்பும்

குழந்தைக்குச் சுரம் கண்டால் பெற்றோர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். தடுப்பூசி எந்த மாதத்தில் போட வேண்டும், எடை எவ்வளவு இருக்க வேண்டும், முதற்பல் எப்போது முளைத்தது என்பனவெல்லாம் தாய்மார்களுக்கு மனப்பாடம். ஆனால் அதே குழந்தை நான்கு நாட்களாக அதிகம் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், "சமர்த்தாக இருக்கிறது" என்று சொல்லி மகிழ்ந்துவிடுகிறோம். உடலின் நோயைக் கண்டவுடன் அறிந்துகொள்ளும் நாம், உள்ளத்தின் வாட்டத்தைப் பெரும்பாலும் காண்பதில்லை. கண்டாலும் அதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம்.

தமிழ்நாட்டை விட்டு வெளியே, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இளங்குழந்தைகளின் மனநலத்தை எவ்வாறு பேணலாம் என்பதைப் பற்றிச் சில கருத்துக்களை நேயர்கள்முன் வைக்க விரும்புகிறேன். இதற்கு இரண்டு வழிகளையே முக்கியமாகச் சொல்லப்போகிறேன். ஒன்று, குழந்தையிடம் எதையும் மூடி மறைக்காமல் மனம் விட்டுப் பேசுவது. மற்றொன்று, குடும்பத்தார் எல்லோரும் கூடி உட்கார்ந்து நாள்தோறும் சிறிது நேரம் கதை படிப்பது. இவ்விரண்டும் வேறு வேறு போலத் தோன்றினாலும் ஒன்றுக்கொன்று துணையானவை.

முதலில் நம்முடைய நிலைமை என்ன என்று பார்ப்போம். சொந்த ஊரில் வளரும் குழந்தைக்குத் தன் மனக்குறையைச் சொல்லிக்கொள்ளப் பல காதுகள் உண்டு. அப்பா கோபித்துக்கொண்டால் பாட்டியின் மடி இருக்கும், பாட்டியும் கடிந்துகொண்டால் அடுத்த தெருவில் அத்தை இருப்பாள், ஒருவரும் இல்லாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் நண்பராவது, "ஏன் அப்பா, முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்பார். வெளி மாநிலத்தில் இரண்டு அறைக் குடியிருப்பில் வளரும் குழந்தைக்கு இந்தச் செல்வம் இல்லை. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்று, கூட்ட நெரிசலில் சிக்கி, இருட்டிய பிறகு களைத்து வீடு திரும்புகிறார்கள். அவர்கள் இருவரை விட்டால் அந்தக் குழந்தையின் மொழியை அறிந்த காதுகளே அந்த வீட்டில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வேறு மொழி, விளையாட்டு மைதானத்தில் வேறு மொழி. ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால் சிரிப்பு எழுகிறது. மதிய உணவு டப்பாவைத் திறந்தால், "இது என்ன வெள்ளையாக?" என்ற கேள்வி பிறக்கிறது. இந்தச் சிறு காயங்களை ஐந்து வயதுக் குழந்தை கோவையாக எடுத்துச் சொல்லுமா? சொல்லாது. அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று அழும். நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் மீண்டும் தலைகாட்டும். தாயின் சேலைத் தலைப்பை விடாமல் பற்றிக்கொள்ளும். தம்பியை அடிக்கும். அல்லது வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை பள்ளியில் மட்டும் ஒரு வார்த்தையும் பேசாது இருக்கும். சொற்களால் சொல்லத் தெரியாததைக் குழந்தை தன் உடலாலும் நடத்தையாலும் சொல்லுகிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதே பெற்றோர் கற்க வேண்டிய முதற்பாடம்.

இனி, மூடி மறைக்கும் வழக்கத்துக்கு வருவோம். உத்தியோகக் குடும்பங்களில் மாற்றல் உத்தரவு வருவது சாதாரணம். உத்தரவு வந்த அன்றிரவே பெற்றோர் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குகிறார்கள். குழந்தை அருகே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. "ஒன்றும் இல்லை, நீ போய் விளையாடு" என்கிறார்கள். இது அன்பினால் செய்வதுதான். குழந்தையின் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணந்தான். ஆயினும் குழந்தை என்ன நினைக்கிறது? ஏதோ ஒரு பெரிய விஷயம் நடக்கிறது என்பது அதற்குத் தெரிகிறது. என்ன என்பது மட்டும் தெரிவதில்லை. தெரியாத இடத்தை அது தன் கற்பனையைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைக் காட்டிலும் பயங்கரமாக இருக்கும். மேலும், தன்னைச் சுற்றி நடப்பனவற்றுக்கெல்லாம் தானே காரணம் என்று எண்ணுவது இளம்பருவத்தின் இயல்பு. "நான் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கியதால்தான் அம்மா அழுகிறாள்" என்று அது முடிவு கட்டிக்கொண்டால், அந்த முடிவை மாற்ற ஒருவரும் இல்லை. ஏனெனில் அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை.

இதைவிடக் கடினமானது மரணச் செய்தி. ஊரில் பாட்டி காலமாகிவிடுகிறாள். இரவோடிரவாகத் தந்தை மட்டும் ரயிலேறிப் போகிறார். குழந்தையிடம், "பாட்டி தூங்குகிறாள்" என்றோ, "நெடுந்தூரப் பயணம் போயிருக்கிறாள்" என்றோ சொல்லிவைக்கிறோம். அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தூங்கியவர் திரும்பவில்லை என்றால் தூக்கம் அஞ்சத்தக்க பொருளாகிவிடுகிறது. பயணம் போனவர் திரும்பவில்லை என்றால், அலுவலக வேலையாகத் தந்தை பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் குழந்தை நடுங்குகிறது. ஆங்கில மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1979-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார். குழந்தை தன் கண்ணால் கண்டதையும் தானே உணர்ந்ததையும் பெரியவர்கள் "அப்படி எதுவும் இல்லை" என்று மறுத்துக்கொண்டே வந்தால், அது நாளடைவில் தன் அறிவையும் தன் உணர்ச்சியையுமே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவின் சாரம்.

அப்படியானால் எல்லாவற்றையும் குழந்தையின்முன் கொட்டிவிடலாமா? கூடாது. கடன் தொல்லையையும், மேலதிகாரியின்மீதுள்ள வெறுப்பையும், கணவன் மனைவி பூசலின் உட்காரணங்களையும் ஆறு வயதுக் குழந்தையின் தோளில் ஏற்றுவது கொடுமை. குழந்தை நம் அந்தரங்கத் தோழனாக வேண்டியதில்லை. அதன் வாழ்க்கையைத் தொடுகிற உண்மையை, அது தாங்கக்கூடிய அளவில், அதற்கு விளங்கும் சொற்களில் சொல்லவேண்டும் என்பதே என் கருத்து. பெரிய சோற்றுருண்டையைக் குழந்தையின் வாயில் திணிப்பதில்லை. அதற்காகப் பட்டினி போடுவதுமில்லை. பிசைந்து சிறு கவளமாக ஊட்டுகிறோம். உண்மையையும் அவ்வாறே ஊட்டலாம்.

மாற்றலைப் பற்றிச் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம்: "அப்பாவுக்கு நாகபுரிக்கு மாற்றல் வந்திருக்கிறது. உன் பரீட்சை முடிந்ததும் நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம். உன் சைக்கிளும் கூட வரும். உன் சிநேகிதனைப் பிரிவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். இந்த வீட்டை விட்டுப் போவது எனக்கும் கஷ்டந்தான்." இந்த ஐந்து வாக்கியங்களில் நடப்பது என்ன என்பது இருக்கிறது, குழந்தைக்கு என்ன ஆகும் என்பது இருக்கிறது, அதன் வருத்தத்துக்கு இடம் இருக்கிறது, அந்த வருத்தத்தில் அது தனித்து நிற்கவில்லை என்ற ஆறுதலும் இருக்கிறது. மரணத்தைப் பற்றிப் பேசும்போதும், "பாட்டி இறந்துவிட்டாள். அவளுடைய உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. அவளால் இனி வர முடியாது. நமக்கெல்லாம் துக்கமாக இருக்கிறது. நீ கேட்க நினைப்பதையெல்லாம் கேள்" என்று நேராகச் சொல்வதே நல்லது. அவரவர் சமயத்தின் நம்பிக்கையை அதனுடன் சேர்த்துச் சொல்லலாம். குழந்தை ஒரே கேள்வியைப் பத்து நாள் பத்து முறை கேட்கும். பத்தாம் முறையும் பொறுமையுடன் விடை கூறவேண்டும். அதன் மனம் அந்த உண்மையைச் சிறிது சிறிதாகவே செரித்துக்கொள்கிறது.

மனம் விட்டுப் பேசுவது ஒருவழிப் பாதை அல்ல. குழந்தை நம்மிடம் வந்து ஓர் உண்மையைச் சொல்லும்போது நாம் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறோம் என்பது இன்னும் முக்கியமானது. காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சி நேயர்கள் பலரும் அறிந்ததே. பதினைந்து வயதில் அவர் தம் சகோதரருடைய கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடிவிட்டார். அந்தப் பாரம் தாங்கமுடியாமல் போகவே, குற்றத்தை ஒரு காகிதத்தில் எழுதி, தக்க தண்டனை தரும்படியும் வேண்டி, நோயுற்றுப் பலகைக் கட்டிலில் படுத்திருந்த தந்தையிடம் நடுங்கும் கையால் கொடுத்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து அதைப் படித்தார். கண்ணீர் பெருகிக் காகிதம் நனைந்தது. சிறிது நேரம் கண்ணை மூடிச் சிந்தித்தார். பின்னர்க் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். கோபச் சொல் ஒன்றும் பிறக்கவில்லை.

தந்தை அடிப்பார் என்ற அச்சம் தமக்கு இருக்கவில்லை என்றும், அவர் மனம் நோகுமே என்றுதான் அஞ்சியதாகவும் காந்தியடிகள் குறிப்பிடுகிறார். அடிக்குப் பயந்த குழந்தை அந்தக் காகிதத்தை எழுதியிருக்குமா என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். உண்மை சொன்னால் அடி விழும் வீட்டில் உண்மை வந்து சேராது. பள்ளியில் பெரிய பையன் ஒருவன் துன்புறுத்துகிறான் என்று குழந்தை சொல்லும்போது, "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் கேட்டுவிட்டால், அடுத்த தடவை அது சொல்லாது. "நீ சொன்னது நல்லதாயிற்று" என்பதே நம் வாயிலிருந்து வரவேண்டிய முதல் வாக்கியம். திருத்தம், அறிவுரை, விசாரணை எல்லாம் பிறகு வரலாம்.

இனி, சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். என் தொழில் மொழிபெயர்ப்பு. சுற்றறிக்கைகளையும் ஆண்டறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுபோவதே அன்றாட வேலை. அந்த வேலையில் ஒரு சிறு சொல் கிடைக்காமற் போனால் ஒரு பத்தி முழுவதும் தடைப்பட்டு நிற்கும். பெரியவர்களான எங்களுக்கு அகராதி இருக்கிறது. தன் நெஞ்சில் ஏற்படும் கலக்கத்தை மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டிய குழந்தைக்கு அகராதி ஏது? "எரிச்சலாய் இருக்கிறது", "போர் அடிக்கிறது" என்ற இரண்டு சொற்றொடர்களே எல்லாத் துன்பத்துக்கும் பெயராகிவிடுகின்றன. பயம், வெட்கம், பொறாமை, ஏக்கம், ஏமாற்றம் ஆகிய ஐந்தையும் அது ஒரே சொல்லால் சொல்லும். நாமும் ஒரே விடையைத்தான் தருவோம்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் ஏழைகளாக இருக்கவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. இலக்கியத்திலும் கூத்திலும் தோன்றும் உணர்ச்சிகளைப் பற்றியதே அது என்றாலும், மனித உள்ளத்தை அறிய விரும்புவோர்க்கும் அது பயன்படும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களிலிருந்து பிறக்கும் என்று ஆசிரியர் வகுக்கிறார். அழுகைக்கு அவர் கூறும் நான்கு காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். இழவு என்பது அருமையானவர்களையும் அருமையான பொருளையும் இழத்தல். அசைவு என்பதற்கு, பழைய நிலை கெட்டு வேறு நிலைக்கு ஆளாகி வருந்துதல் என்று உரையாசிரியர் பேராசிரியர் பொருள் கொள்கிறார்.

வெளி மாநிலத்துக்குப் பெயர்த்து நடப்பட்ட குழந்தையின் அழுகைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்குமா? வகுப்பில் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்களே, அது இளிவு. பாட்டியையும் பழைய சிநேகிதர்களையும் விட்டு வந்ததே, அது இழவு. தெரிந்த தெருவும் தெரிந்த பள்ளியும் போய், எல்லாம் புதிதாய் நிற்கிறதே, அது அசைவு. குழந்தை அழும்போது, "ஏன் அழுகிறாய்?" என்று அதட்டுவதை விட்டு, இம்மூன்றில் எதனால் அழுகிறது என்று நாம் ஒரு நிமிஷம் சிந்தித்தால், சொல்லவேண்டிய ஆறுதலும் வேறு வேறாக அமையும். இகழப்பட்டவனுக்கு மதிப்பு வேண்டும். இழந்தவனுக்குத் துணை வேண்டும். நிலை பெயர்ந்தவனுக்கு நாள்தோறும் மாறாத ஒரு பழக்கம் வேண்டும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அதன் வேகம் தணியும் என்பதற்கு இக்காலத்து ஆராய்ச்சியும் சான்று தருகிறது. கலிபோர்னியாவில் மாத்யூ லீபர்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சினமும் அச்சமும் தோன்றும் முகங்களின் படங்களைப் பெரியவர்கள் சிலருக்குக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்குரிய சொல்லை அவர்கள் தேர்ந்து சொன்னபோது, மூளையில் அச்சத்தை எழுப்பும் பகுதியின் கொந்தளிப்புக் குறைந்தது. "எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று சொல்லத் தெரிந்த குழந்தை தம்பியைக் கிள்ளவேண்டிய தேவை சற்றுக் குறைகிறது என்று நாம் பொருள் கொள்ளலாம்.

இந்தச் சொற்களைக் குழந்தைக்கு எங்கிருந்து கொடுப்பது? பட்டியல் எழுதி மனப்பாடம் செய்விப்பதா? இங்கேதான் கதை வந்து கை கொடுக்கிறது. கதையிலே ஒரு முயல் பயப்படுகிறது. ஒரு நரி ஏமாறுகிறது. இளவரசி ஒருத்தி தனிமையில் ஏங்குகிறாள். சொல்லும் அந்தச் சொல்லுக்குரிய நிலைமையும் ஒன்றாகவே குழந்தையின் மனத்தில் பதிகின்றன. மேலும் கதைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. "உனக்குப் பள்ளியில் பயமாக இருக்கிறதா?" என்று நேரே கேட்டால் குழந்தை தலையைக் குனிந்துகொள்ளும். "அந்த முயலுக்கு ஏன் காட்டுக்குப் போகப் பயம்?" என்று கேட்டால் உடனே பேசத் தொடங்கும். "அங்கே அதன் பாஷை ஒருத்தருக்கும் தெரியாது, அதனால்தான்" என்று அது சொன்னால், பேசுவது முயலைப் பற்றி அல்ல என்று நாம் தெரிந்துகொள்ளலாம். அப்போது, "அது உன் கதைதானே!" என்று வெளிப்படையாகச் சுட்டிக்காட்டிவிடக் கூடாது. முயலைப் பற்றியே தொடர்ந்து பேசவேண்டும். அந்த மெல்லிய திரையே குழந்தைக்குப் பாதுகாப்பு.

நேருக்கு நேர் சொன்னால் ஏறாத விஷயம் கதை வழியே ஏறும் என்பது நம் நாட்டில் பழைய செய்தி. பாடம் ஏறாத மூன்று அரசகுமாரர்களை விஷ்ணுசர்மன் கதைகளைக் கொண்டே அறிவாளிகளாக்கினான் என்று தொடங்குவதே பஞ்சதந்திரம். நம் நூற்றாண்டுக்கு அருகில் வந்தால், குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டுக் கல்வித் தொண்டில் ஈடுபட்ட ஜிஜுபாய் பதேகாவைக் காண்கிறோம். 1920-இல் பாவநகரில் அவர் குழந்தைகளுக்கென்று பால மந்திர் ஒன்றைத் தொடங்கினார். அவர் எழுதி, தமிழிலும் 'பகல் கனவு' என்ற பெயரில் வந்துள்ள நூலில், புது ஆசிரியர் ஒருவர் கூச்சலிடும் வகுப்பை அடக்க முடியாமல் முதலில் திண்டாடுகிறார். பிறகு கதை சொல்லத் தொடங்குகிறார். அடிக்கும் அதட்டலுக்கும் அடங்காத பிள்ளைகள் கதையைக் கேட்க அவரைச் சூழ்ந்து உட்காருகிறார்கள். கதை முதலில் செய்வது பெரியவருக்கும் குழந்தைக்கும் இடையே உறவை உண்டாக்குவதே என்பதை அந்த நூல் அழகாக விளக்குகிறது.

வெளிநாட்டு மருத்துவர்களும் இதில் கருத்துச் செலுத்தி வருகிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989 முதல் ஒரு திட்டம் நடைபெறலாயிற்று. உடம்பைப் பரிசோதிக்க வரும் ஏழைக் குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டுடன் ஒரு கதைப் புத்தகத்தையும் மருத்துவர் கொடுத்து, அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவது அத்திட்டம். நியூயார்க்கில் மற்றொரு குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெற்றோர் குழந்தையுடன் சேர்ந்து படிப்பதற்கும் விளையாடுவதற்கும் ஊக்கமளிக்கப்பட்ட குடும்பங்களில் குழந்தைகளின் முரட்டுத்தனமும் நிலைகொள்ளாமையும் குறைந்திருக்கக் கண்டார்கள். நம் பாட்டிமார் எந்த ஆராய்ச்சியும் இன்றி அறிந்திருந்த உண்மையை அவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

சரி, நம் வீட்டில் இதை எப்படி நடத்துவது? நாள்தோறும் கால் மணி நேரம் போதும். இரவு உணவுக்குப் பிறகு, குழந்தை தூங்கப் போகுமுன், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடக்கவேண்டும். எந்த ஊருக்கு மாற்றலானாலும் பெட்டியைத் திறந்து முதலில் எடுப்பது கதைப் புத்தகமாக இருந்தால், ஊர் மாறினாலும் அந்தக் கால் மணி நேரம் மாறாது. நிலை பெயர்ந்த குழந்தைக்கு அதுவே ஒரு சொந்த ஊர். அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் கைபேசியும் ஓய்ந்திருக்கட்டும். தந்தைமாரும் இதில் பங்குகொள்ளவேண்டும். கதை படிப்பது தாயின் வேலை என்று ஒதுங்கிவிடலாகாது.

படிக்கும் முறையில் சில எச்சரிக்கைகள் தேவை. இதைத் தமிழ்ப் பாட வகுப்பாக ஆக்கிவிடாதீர்கள். "இந்த எழுத்து என்ன? லகரமா ளகரமா?" என்று கதையின் நடுவே நிறுத்திக் கேட்டால், அடுத்த நாள் குழந்தைக்குத் தூக்கம் சீக்கிரமே வந்துவிடும். கதை முடிந்ததும், "இதனால் நீ அறிந்த நீதி என்ன?" என்று கேட்பதையும் குறைத்துக்கொள்வது நல்லது. நீதி கதைக்குள் இருந்தால் அது தானே வேலை செய்யும். "அடுத்து என்ன ஆகும்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்? காக்கைக்கு அப்போது மனசு எப்படி இருந்திருக்கும்?" என்பவைபோல் ஒரு சொல்லில் விடை முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்கலாம். குழந்தை சொல்வதைச் சிறிது விரித்துத் திரும்பச் சொல்லலாம். நியூயார்க்கைச் சேர்ந்த ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாரும் அவருடைய கூட்டாளிகளும் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இவ்வகை உரையாடல் வாசிப்பைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் இரண்டு வயதுக் குழந்தைகளின் பேச்சுத் திறனில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஒரே கதையை மீண்டும் மீண்டும் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கதையில் குழந்தையின் மனத்துக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. அது கிடைத்ததும் தானே அடுத்த கதைக்குப் போகும்.

குழந்தைக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே என்று சில பெற்றோர் கவலைப்படுகிறார்கள். தெரியவேண்டியதில்லை, நாம் படிக்க, அது கேட்கட்டும். இரண்டு மூன்று தலைமுறைகளாக வெளியே வாழ்ந்து பெற்றோருக்கே தமிழ் படிக்க வராத குடும்பங்களும் உண்டு. அவர்கள் வாயால் கதை சொல்லலாம். ஊரிலுள்ள தாத்தா பாட்டியைத் தொலைபேசியில் வாரம் ஒரு கதை சொல்லச் சொல்லலாம். "சாப்பிட்டாயா? நன்றாகப் படிக்கிறாயா?" என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும் அந்தப் பேச்சுக்கும் ஒரு சாரம் உண்டாகும். குழந்தை நடுவே இந்தியிலோ வங்காளியிலோ மராத்தியிலோ விடை சொன்னால் தடுக்காதீர்கள். மனத்தில் உள்ளது வெளியே வருவதே முக்கியம். அது வாழும் மாநிலத்தின் மொழியை நன்றாகக் கற்கட்டும். அந்த மொழியின் கதைகளையும் படிக்கட்டும். தாய் தாலாட்டிய மொழியிலும் தன் துயரத்தைச் சொல்லத் தெரிந்திருந்தால், அதற்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கும்.

புத்தகங்களுக்குப் பஞ்சம் இல்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் இயற்றிய குழந்தைப் பாடல்கள் வாய்விட்டுப் பாட ஏற்றவை. 1957-இல் தொடங்கப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனம் பிற மாநிலங்களின் குழந்தைக் கதைகளையும் தமிழில் வெளியிட்டுவருகிறது. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் இரு மொழிகள் அமைந்த படக்கதைகளை வெளியிட்டிருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்து வளரும் பிள்ளைகளுக்கு அவை நல்ல துணை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் இணையத்தில் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளை விலையின்றிப் படிக்கலாம். வசதியுள்ள ஊர்களில் தமிழ்ச் சங்கங்கள் மாதம் ஒருமுறை தங்கள் நூலகத்தில் பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் கூட்டத்தை நடத்தினால் அது பெரிய தொண்டாகும்.

வேலை நிமித்தம் குடும்பத்தைப் பிரிந்து வாழும் தந்தைமாருக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. 1928-ஆம் ஆண்டுக் கோடையில் பத்து வயது இந்திரா முசூரியில் இருந்தார். தந்தை ஜவாஹர்லால் நேரு அலகாபாத்தில் இருந்தார். அப்போது நேரு, பூமி தோன்றிய வரலாற்றையும் ஆதி மனிதரின் வாழ்க்கையையும் மகளுக்குக் கடிதங்களாக எழுதினார். அவை மறு ஆண்டே நூலாக வெளிவந்தன. பின்னர் பிரேம்சந்த் அவற்றை இந்தியில் மொழிபெயர்த்தார். 1930 முதல் 1933 வரை சிறைவாசத்தின்போதும் அவர் மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்கள் நாம் அறிந்தவை. தாம் சிறையில் இருப்பதை அவர் மகளிடம் மறைக்கவில்லை. சிறையிலிருந்தே அவளுடன் சேர்ந்து உலகத்தைப் படித்தார். தூரத்தில் இருக்கும் பெற்றோர் இன்று ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளை வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்து, மற்றொன்றிலிருந்து தொலைபேசி வழியே இரவில் இரண்டு பக்கம் படித்துக் காட்டலாம். செலவு சொற்பம்; பயன் பெரிது.

கதையும் பேச்சும் எல்லா நோய்க்கும் மருந்தாகா என்பதையும் சொல்லிவைப்பது என் கடமை. தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, ஓயாத அச்சம், முன்பு செய்துவந்ததைச் செய்யமுடியாமை, தன்னைத்தானே வருத்திக்கொள்ளுதல், சாக விரும்புவதாகப் பேசுதல் போன்ற அறிகுறிகள் தோன்றினால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளோரில் 100-க்கு 7 பேருக்கு மேல் மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் சராசரி மூவர் என்று பொருள். ஆகவே இது வெட்கப்படவேண்டிய விஷயமே அல்ல. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமக்கு ஏற்ற மொழியைத் தேர்ந்துகொண்டும் பேசலாம். மொழி தெரியாத ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது என்று திகைக்கும் நம்மவர்க்கு இது உதவும். வீட்டில் மனம் விட்டுப் பேசும் பழக்கம் இருந்தால்தான் இத்தகைய அறிகுறிகள் காலத்தில் நம் காதுக்கு எட்டும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

சொந்த மண்ணை விட்டு வந்த நாம் குழந்தைகளுக்கு நல்ல பள்ளியையும் நல்ல எதிர்காலத்தையும் தேடித் தருகிறோம். அத்துடன், எதையும் வந்து சொல்லத்தக்க ஒரு வீட்டையும் தருவோம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. பெரிய படிப்பும் வேண்டியதில்லை. குழந்தையின் கேள்விக்கு நேர்மையான விடையும், அது கூறும் உண்மைக்குக் கோபமில்லாத செவியும், இரவில் கால் மணி நேரமும், ஒரு கதைப் புத்தகமும் இருந்தால் போதும். இதுவரை அந்தப் பழக்கம் இல்லாத வீடுகளில் இன்றிரவே தொடங்கலாம். எந்தக் கதை என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.